மின்தடை நாளில் செய்ய வேண்டிய வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் 'நாளைய மின்தடை' அறிவிப்பைத்தான் நான் முதலில் படிப்பேன். ராமநாதபுரம் கடலோர மருத்துவமனைகளில் இருபத்தாறு வருடம் ஒயர்மேனாக இருந்த பழக்கம்.

எங்கள் மண்டபத்துக்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் பேனல் போர்டுக்குள் உப்பு வந்து படியும். கரண்ட் பாயும் செம்புப் பட்டையான பஸ்பாரில் பச்சைக் களிம்பு ஏறும். இன்சுலேட்டர் மேல் படிந்த உப்பு மழைக்காலத்தில் ஈரமாகி, கரண்ட் ஊர்ந்து போக வழி விடும். போதாததற்குப் பல்லி வேறு. இரண்டு ஃபேஸுக்கு நடுவே ஒன்று விழுந்தால் போதும், ஷார்ட்தான்.

2011-இல் எனக்கு நேர்ந்தது பல்லியால் அல்ல, என் ஸ்பேனரால். மெயின் போர்டில் ஒரு போல்ட் சூடாகிறது என்றார்கள். "ஐசியூவில ஆள் இருக்கு, கரண்ட்டை நிறுத்தாம முடிச்சிருங்கண்ணே" என்றார் மேனேஜர். நானும் சரி என்றேன். தப்பு என் பேரிலும் உண்டு. ஸ்பேனர் வழுக்கி இரண்டு ஃபேஸையும் தொட்டது. ஷாக் அடிக்கவில்லை. ஒரு வெளிச்சம், ஒரு வெடிச்சத்தம், அவ்வளவுதான் நினைவு. பாலியெஸ்டர் சட்டைக் கை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஜெனரேட்டர் லைனும் அதே போர்டு வழியாகத்தான் என்பதால் அதையும் போட முடியவில்லை. ஒரு நிமிடம்கூட நிறுத்தக் கூடாது என்ற கரண்ட் நாலு மணி நேரம் வரவே இல்லை. ஐசியூவில் யூபிஎஸ் தீர்ந்ததும் நர்ஸுகள் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

ஆர்க் ஃபிளாஷ் என்பது இதுதான்: கரண்ட் காற்றின் வழியே பாய்ந்து வெடிக்கும் பொறி. அந்தப் பொறியின் சூடு 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 தான். எவ்வளவு நேரம் எரிகிறதோ அவ்வளவு காயம். ஷார்ட் ஆனதும் கரண்ட்டை வெட்டிவிடும் பிரேக்கர் 0.1 நொடியில் ட்ரிப் ஆனால் ஒரு பங்கு சூடு, 0.5 நொடி ஆனால் ஏறக்குறைய ஐந்து பங்கு. ஒரு வார்டில் ஷார்ட் ஆனால் மொத்தக் கட்டடமும் இருட்டாகிவிடக் கூடாது என்று மெயின் பிரேக்கரை வேண்டுமென்றே தாமதமாக விழ வைப்பார்கள். நியாயம்தான். ஆனால் போர்டு முன்னால் ஆள் நிற்கும்போது அந்த அரை நொடி அவன் உடம்பில்தான் இறங்கும். வேலை முடியும் வரை மட்டும் உடனே ட்ரிப் ஆக வைக்கும் பராமரிப்பு சுவிட்ச் இப்போது கிடைக்கிறது. போர்டு வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட்டை நிறுத்தும் நாளில் மருத்துவமனை ஜெனரேட்டரில் ஓடும், வாரியத்து லைன் செத்துக் கிடக்கும். வாரிய லைன் போர்டுக்குள் வரும் இன்கமிங் பக்கத்தைத் துடைக்க, களிம்பைத் தேய்க்க, போல்ட்டை முறுக்க அதைவிட நல்ல நேரம் ஏது? நான் பார்த்தவரை அன்று எல்லோரும் டீசல் அளவைத்தான் பார்க்கிறார்கள். வாரியப் பக்கத்து சுவிட்சையும், வாரியக் கரண்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிவிடும் சேஞ்ச்ஓவரையும் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொண்டு, மூன்று ஃபேஸும் செத்திருக்கிறதா என்று சோதித்து, எர்த் பண்ணிய பிறகே கை வைக்க வேண்டும். கரண்ட் சில நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடும். ஜெனரேட்டர் ஓடும் பக்கத்தை அன்றும் திறக்கக் கூடாது. அந்தப் பக்கத்தையும் நிறுத்தி வேலை பார்க்க ஐசியூவுக்குத் தனி லைன் இழுத்தாக வேண்டும், செலவுதான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மின்தடை அறிவிப்பை முதல் நாள் மட்டும் போடாமல் மூன்று நாள் முன்பே போட முடியுமா? ஆள் பிடிக்கவும் சாமான் வாங்கவும் டாக்டரிடம் சம்மதம் வாங்கவும் ஒரு நாள் பத்தாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனை ஒயர்மேன்,
மண்டபம்.