330 மேல் என்ன கோபம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக்கெட் உணவுகளில் அச்சிடப்படும் எண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாங்கும் முன் உறையைத் திருப்பிப் பாருங்கள் என்று சொன்னது நல்ல விஷயம். ஆனால் கூடவே கட்டம் கட்டிப் போட்டிருந்த 'தவிர்க்க வேண்டிய எண்கள்' பட்டியலில் 330 முதலாவதாக நின்றதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கோத்தகிரியில் சிறிய அளவில் ஜாமும், தண்ணீர் கலந்து குடிக்கும் பழ ஸ்குவாஷும் போட்டு விற்பவள் நான்.

330 என்பது சிட்ரிக் அமிலம். எலுமிச்சை புளிப்பதே அதனால்தான். மளிகைக் கடையில் வெள்ளைப் படிகமாகப் பொட்டலம் கட்டித் தருவார்கள். ஆலைகளில் சர்க்கரைக் கரைசலில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து அதை எடுக்கிறார்கள். நிறையச் சாப்பிட்டால் பல் கூசும். எலுமிச்சை தின்றாலும் கூசும். 330 புற்றுநோய் தரும் என்ற கதை 1976-இல் பிரான்சில் கைக்குக் கை பரவிய ஒரு துண்டறிக்கையில் வந்தது. புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் பெயரை அதில் போட்டிருந்தார்கள். அந்த மருத்துவமனையே மறுத்தும் கதை ஓயவில்லை, இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது உங்கள் இதழிலும் ஏறியதுதான் வருத்தம். ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

உணவில் சேர்க்கும் பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தால் குழப்பம் வரும் என்று உலக அளவில் வைத்துக்கொண்டவைதான் இந்த எண்கள். எண் இருப்பதாலேயே அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. 100 என்பது மஞ்சளில் இருக்கும் குர்குமின். 300 வைட்டமின் சி. 440 பழத்தில் இருக்கும் பெக்டின், ஜாமை இறுக வைப்பது. ஆப்பத்துக்குப் போடும் சோடாவுக்கும் 500 என்று ஓர் எண் உண்டு.

என் தொழிலிலிருந்தே சொல்கிறேன். கொய்யாவில் பெக்டின் தாராளம், ஜாம் தானாக இறுகும். ஸ்ட்ராபெரியில் அது குறைவு. 440-உம் 330-உம் சேர்க்காவிட்டால் பாகு மாதிரி ஓடும், இல்லை இறுகும்வரை காய்ச்சிக் காய்ச்சிப் பழத்தின் வாசனையையே தொலைக்க வேண்டும். ஸ்குவாஷ் கதை வேறு. ஜாமை அதன் சர்க்கரையே காப்பாற்றிவிடும்; ஸ்குவாஷில் அந்த அளவு சர்க்கரை கிடையாது. அதனால் எலுமிச்சை ஸ்குவாஷில் கெடாமல் இருக்க கே.எம்.எஸ். (பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்) போடுகிறோம், உறையில் 224 என்று வரும். லிட்டருக்கு ஒரு கிராம்கூடத் தேவையில்லை. பிளம்ஸ் ஸ்குவாஷில் அதைப் போட்டால் சிவப்பு வெளுத்துப்போகும். ஆகவே அங்கே 211, அதாவது சோடியம் பென்சோயேட். 224 சல்பைட் வகை. ஆஸ்துமா இருக்கும் சிலருக்கு அது இழுப்பைக் கிளப்பிவிடும். அளவு கொஞ்சம் கூடினாலே உறையில் சல்பைட் என்று எச்சரிக்கையாகக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். நியாயமான சட்டம். உங்கள் பட்டியலில் 224-ஐக் காணோம்!

நிறங்கள் விஷயத்தில் கட்டுரையோடு எனக்குச் சண்டை இல்லை. 102, 110, 122, 124 போன்ற செயற்கை நிறங்கள் குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பாவில் 2010 முதல் விதி இருக்கிறது. இங்கே 'அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம்' என்று எழுதினால் போதும். என் பேரனுக்கு நான் அந்த மிட்டாய்களை வாங்குவதில்லை.

கட்டுரை தொடாமல் விட்ட முக்கியமான விஷயம், உறையில் சேர்பொருள்களை எழுதும் வரிசை. எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வர வேண்டும். கோதுமை பிஸ்கட் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் பின்னால் மைதாவில் தொடங்கினால் அது மைதா பிஸ்கட்தான். சர்க்கரை முதலிடத்துக்கு வந்துவிடக் கூடாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது: சர்க்கரை, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. ஜாம் என்று பெயர் வைக்க 45 சதவீதம் பழம் வேண்டும். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி ஜாமுக்கு 25 போதும். மீதியில் பெரும்பங்கு என்ன என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், 'எம்.எஸ்.ஜி.' (அஜினோமோட்டோ) 'சேர்க்கவில்லை' என்று போட்ட பாக்கெட்டில் 627, 631, 635 இருக்கிறதா என்று பாருங்கள். அவையும் அதே நாக்கு ருசிக்காகப் போடுகிறவைதான்.

இனி எங்கள் மலைக்கதை. மே மாதம் பழக்கண்காட்சிக்கு வருகிறவர்கள் என் பாட்டிலைக் கையில் எடுப்பார்கள், 211-ஐப் பார்ப்பார்கள், "கெமிக்கல் இருக்கும்மா" என்று வைத்துவிடுவார்கள். அடுத்த கடையில் கிலோ கணக்கில் 'ஹோம் மேட்' சாக்லேட் வாங்குவார்கள். அதில் எண்ணும் இல்லை, பட்டியலும் இல்லை, தேதியும் இல்லை. பல கடைகளில் அது வெளியூரிலிருந்து கட்டிகளாக வரும் காம்பவுண்டை உருக்கி, முந்திரியோ திராட்சையோ போட்டு அச்சில் ஊற்றியது. காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். சாக்லேட் என்ற பெயரில் விற்க அப்படிப்பட்ட கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதையும் உறையில் சொல்லியாக வேண்டும். கோகோ வெண்ணெய் வாயின் சூட்டிலேயே கரைந்துவிடும். மற்றது அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும்.

காம்பவுண்டும் சாப்பிடக் கூடியதுதான், அதில் தப்பில்லை. ஆனால் என்ன கொழுப்பு என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா? எங்கள் மலையின் மொறுமொறு பேக்கரிப் பண்டமான வர்க்கிக்கும் இதே கேள்வி: நெய்யா, வனஸ்பதியா? எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்குக்கூட எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். அது 2020 அக்டோபரில் வந்தது. சீசன் கூட்டத்தில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

கேட்க நினைப்பவருக்கும் ஒரு தடை இருக்கிறது. உறையில் உள்ள விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. எங்கள் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் பிள்ளைக்கு வாங்கும் பத்து ரூபாய் பாக்கெட்டில், கண்ணாடி போட்டாலும் சிரமப்படுத்தும் பொடி எழுத்தில், ஆங்கிலம். தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் சேர்பொருள் பட்டியல் தமிழிலும் இருக்க வேண்டும் என்று உங்கள் இதழ் தலையங்கம் எழுதினால் என்ன? பெரிய கம்பெனிகள் செலவைக் காரணம் சொல்லலாம். நான் தமிழிலும் அச்சடித்துத்தான் ஒட்டுகிறேன். லேபிள் இரண்டு விரல் அகலம் கூடியது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.