எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இரைச்சல்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு முழுப்பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் நீலமும் ஆரஞ்சுமாக முட்டை வடிவில் ஒரு படம் போட்டு, கீழே 'பெருவெடிப்பு நடந்த இடம்' என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. அதைப் பார்த்துவிட்டு என் பேத்தி மொட்டைமாடியில் நின்றுகொண்டு, "அந்த இடம் எந்தப் பக்கம் தாத்தா, காங்கேயநல்லூர் பக்கமா?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு பக்கமே கிடையாது.

நான் காட்பாடியில் முப்பது வருஷம் டிவி ரிப்பேர் செய்தவன். 80களில் சென்னை தூர்தர்ஷன் இங்கே கிடைக்க, நீளமான இரும்புக் குழாயில் அன்டெனாவை ஏற்றி பூஸ்டர் வைப்போம், நான் மாடியில் குழாயைத் திருக, கீழேயிருந்து "வந்துடுச்சு, போயிடுச்சு, அப்படியே நிறுத்துங்க" என்று வீட்டுக்காரர்கள் கத்துவார்கள். கிழக்கே பார்த்தால் படம், மேற்கே திரும்பினால் வெறும் புள்ளி. சிக்னல் என்றால் அதற்கு ஒரு திசை உண்டு, எங்கள் தொழிலில் அதுதான் அரிச்சுவடி.

1964இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இரண்டு பேருக்கு அந்த அரிச்சுவடிதான் உதைத்தது. பெல் ஆய்வுக்கூடத்துக் கொம்பு அன்டெனாவை வானத்தில் எங்கே திருப்பினாலும், இரவானாலும் பகலானாலும், அதே மெல்லிய இரைச்சல். மூட்டுகளில் அலுமினிய டேப் ஒட்டினார்கள், உள்ளே குடியிருந்த புறாக்களைப் பிடித்து அப்புறப்படுத்தி எச்சத்தைச் சுரண்டினார்கள், போகவில்லை. அவ்வளவு சின்ன இரைச்சலை விடாமல் துரத்த எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த இரைச்சல் பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்திலிருந்து வரும் பழைய ஒளி, நீங்கள் போட்ட படத்தில் இருப்பதும் அதுதான். இன்னொன்று, அது பெருவெடிப்பின் வெளிச்சமே இல்லை. பிரபஞ்சம் விரியத் தொடங்கிய அந்தப் பெருவெடிப்புக்கு சுமார் 3,80,000 வருஷம் கழித்துப் புறப்பட்டது. அதுவரை எலக்ட்ரான்கள் தனித்தனியாகத் திரிந்ததால் ஒளி நேராகப் போக முடியாமல் அவற்றில் மோதிக்கொண்டே இருந்தது, மார்கழி விடியலில் ஏலகிரி ஏறும்போது பனிமூட்டத்தில் பஸ் ஹெட்லைட் அடித்தால் எங்கும் வெளிச்சமாக இருக்கும், எதுவும் தெரியாது, அந்த மாதிரி. வெப்பம் 3,000 டிகிரி அளவுக்கு இறங்கியதும் எலக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்து அணுக்கள் ஆயின, மூட்டம் விலகியது, எல்லா இடத்திலிருந்தும் ஒளி கிளம்பியது. சுமார் 1,380 கோடி வருஷமாக வெளி விரிய விரிய அதன் அலைநீளம் 1,100 மடங்கு இழுபட்டு, இன்று மைனஸ் 270 டிகிரிக் குளிரில் மைக்ரோ அலையாக வந்து சேருகிறது. வேலூர் வெயிலில் நிற்கும்போதும் நம்மைச் சுற்றி ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அந்த ஒளியின் துகள்கள், அதாவது ஃபோட்டான்கள், சுமார் 410 இருக்கின்றன. பழைய டிவியில் சேனல் இல்லாதபோது பொரிந்த புள்ளிகளிலும் அதன் சிறு பங்கு உண்டு. அத்தனை வருஷம் அது என் கண்ணெதிரே இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

நீங்கள் போட்ட படம் பிளாங்க் செயற்கைக்கோள் எடுத்தது. உலக உருண்டையை அட்லஸில் விரித்துப் போடுவது போல, நம் தலையைச் சுற்றியுள்ள முழு வானத்தையும் விரித்துப் போட்டிருக்கிறார்கள். நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான், அந்தச் சின்ன மேடுபள்ளத்திலிருந்துதான் பிறகு நட்சத்திர மண்டலங்கள் திரண்டன.

தயவுசெய்து அடுத்த இதழில் படத்துக்குக் கீழே உள்ள வரியைத் திருத்திப் போடுங்கள். பேத்தி அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள், சரியான வரியை அதன் மேலேயே ஒட்டிக்கொள்வாள்.

– ஒரு வாசகர், காட்பாடி