கையேட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கு வெளிநாட்டிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வருகிறவர்களுக்காக நாங்கள் தொகுத்த கையேடு அச்சாகிவிட்டது. அதில் வேதவசனம் குறைவு. வீசா, ஒலிபெருக்கி, சோற்றுப் பார்சல், சவக்காலை (கல்லறை நிலம்) என்று நடைமுறைச் சங்கதிகள்தான் அதிகம். அவற்றில் பெரும்பாலானவற்றைச் சொல்லித் தந்தவர்கள் எங்கள் சபைகளைச் சேராதவர்கள். அவர்களுக்கே இந்த மடல்.

முதலில் சட்டத்தரணி ஐயாவுக்கு. சுற்றுலா வீசாவில் வந்து மேடையேறிப் பிரசங்கித்தால் நாடு கடத்துவார்கள் என்பதை நாங்களும் அறிவோம். சமய ஊழியத்துக்கான வதிவிட வீசாவுக்கு அழைக்கும் சபை முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும், அமைச்சின் சிபாரிசும் வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் போதகர்கள் இந்தியச் சட்டத்தையே மனதில் வைத்துப் பேசுவதால் வரும் சிக்கலை நீங்கள்தான் விளக்கினீர்கள். இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரை சமயத்தைப் பரப்பும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. எங்கள் இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் வழிபாடு, அனுட்டானம், பயில்வு, போதனை உண்டு, பரப்புதல் இல்லை. 2003இல் மென்சிங்கன் என்ற கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபைக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்கவிருந்த கூட்டிணைப்புச் சட்டமூலத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது இந்த இடைவெளியை வைத்துத்தான். 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அருட்சகோதரிகளின் பக்கம் நின்றது. இருந்தாலும் பொலிஸ் நிலையத்தில் அதைக் காட்டி வாதாடுவது வீண் வேலை. சமய விவகார அமைச்சின் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் பிரதியைக் கையில் வைத்திருங்கள் என்ற உங்கள் ஆலோசனை தங்கமானது. அது புதிய வழிபாட்டுத் தலங்களைக் கட்டுவது பற்றியது. அதையே வீட்டு ஜெபத்துக்கும் நீட்டிக்கொண்டு யாராவது வந்தால், குரலை உயர்த்தாமல் வாசித்துக் காட்டலாம்.

கோயில் வண்ணக்கர் (கோயில் நிர்வாகப் பொறுப்பாளர்) ஐயாவின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு குடும்பத் தலைவர் "எங்கட வீட்டில ஜெபம் வைங்க" என்று சொன்னதும் வெள்ளைக்காரர் பாய் வாங்கப் புறப்பட்டுவிடுவார். ஆனால் அந்த வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. கணவர் அங்கே வந்து குடியேறியவர். மனைவியின் தாயும் சகோதரர்களும் சம்மதிக்காவிட்டால் இரண்டாம் கிழமையே வாசலில் சண்டை. ஆகவே முதலில் தாயாரைக் காண வேண்டும், அதுவும் வட்டாவில் (வெற்றிலைத் தட்டில்) வெற்றிலை வைத்து நீட்டினால் மறுக்காமல் எடுத்துக்கொண்டு. குடிக்குரிய (தாய்வழிக் குலத்துக்குரிய) கோயில் திருவிழாப் பங்கு இன்னும் கடினமான விஷயம். ஒருவர் ஞானஸ்நானம் எடுத்ததும் "இனிக் காசு கொடுக்காதே" என்று போதகர் சொல்லிவிடுகிறார். அந்தச் சுமை அதே குடியிலுள்ள மற்ற வீடுகளின் தலையில் விழுகிறது. கோபம் பிறப்பது இயேசுவின் பெயரால் அல்ல, அந்தக் கணக்கால் என்றீர்கள். மெய்தான். விசுவாசி தானே குடிப் பெரியவர்களிடம் போய்ப் பேசட்டும், வெளிநாட்டார் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது என்று எழுதியிருக்கிறோம். பங்கைக் கொடுப்பதா விடுவதா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. கையேட்டில் அதை மூடி மறைக்கவில்லை.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை அந்தச் சுற்றுவட்டத்தில் நற்செய்திக் கூட்டம் வைப்பதில்லை என்ற விதியும் உங்களால் வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும். விடியற்கால ஜெபத்துக்கு மைக் எதற்கு என்று நாங்களும் பல காலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்!

மௌலவி அவர்களுக்கு நன்றி. காத்தான்குடிக்குள் கால் வைத்ததும் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலைப் பற்றிக் கேள்வி கேட்பதுதான் வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு. சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளை இழந்த வீடுகளும் இதே மாவட்டத்தில் இருக்கின்றன, குண்டு வைத்தவனோடு ஒரு தொடர்பும் இல்லாமல் அவப்பெயரைச் சுமந்த வீடுகளும் இருக்கின்றன. இரு தரப்பும் தாமாகப் பேசினால் கேட்கலாம். தோண்டிக் கேட்பது அநாகரிகம்.

மாதர் சங்கத் தலைவி அக்காவும் கிராம சேவகரும் சேர்ந்து எழுதித் தந்த நிவாரணப் பகுதிதான் கையேட்டின் முதுகெலும்பு. மாரி வெள்ளம் வந்தால் பட்டியல் கிராம சேவகரிடமிருந்து வர வேண்டும். சபை வருகைப் பதிவேட்டிலிருந்து வரக் கூடாது. விநியோகம் பள்ளிக்கூடத்திலோ பல்தேவைக் கட்டடத்திலோ நடக்க வேண்டும், சபை மண்டபத்தில் கூடாது. பையில் சபையின் பெயரோ வசனமோ துண்டுப்பிரசுரமோ இருக்கக் கூடாது. 1994இல் செஞ்சிலுவை இயக்கம் வகுத்த நடத்தைக் கோவையும் உதவியைக் கொண்டு சமயக் கருத்தையோ அரசியல் கருத்தையோ முன்னெடுக்கக் கூடாதென்றே சொல்கிறது. இதை மீறினால் முதலில் அடிபடுபவர் நேர்மையாக விசுவாசத்துக்கு வந்தவர். நிவாரண மாவுக்காக மதம் மாறியவர் என்ற பட்டம் அவர் பிள்ளைகள்வரை தொடரும். தேர்தல் காலத்தில் பார்சலைக் கொடுக்க வேட்பாளர் வந்து நின்றால் விநியோகத்தை மறுநாளைக்குத் தள்ளிவைப்பது நல்லது. வேட்பாளரோடு ஒரே படத்தில் வெளிநாட்டார் நிற்பது அவர் வீசாவுக்கும் கேடு.

சமையல் கணக்கும் அக்காவுடையதே. ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வெளிநாட்டார் எழுதியிருந்ததை வெட்டி ஆறாக்கினார். வயலால் வந்தவருக்கு அதுவும் மட்டுமட்டு. சைவச் சாப்பாட்டுக்கு வேறு சட்டி, வேறு அகப்பை. மீன் சட்டியைக் கழுவி அதில் பருப்பு வைத்தால் பார்சல் திரும்பி வரும். முஸ்லிம் கிராமத்துக்கு இறைச்சி அனுப்ப வேண்டுமானால் சமையலையே அந்த ஊர்ப் பெண்களிடம் ஒப்படைத்துவிடுவது உத்தமம்.

சந்தா கட்டுவோரின் மரண வீட்டுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்தின் செயலாளருக்கும் கடன்பட்டிருக்கிறோம். சமயம் மாறியவர் சந்தாவை நிறுத்திவிடுகிறார், அவர் இறந்தால் பந்தலுக்கும் கதிரைக்கும் ஆளில்லை. சின்னச் சபைகளுக்குச் சொந்தச் சவக்காலையும் கிடையாது. பிரேதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு எரிப்பதா புதைப்பதா என்று இரு தரப்பும் மல்லுக்கட்டுவது அதற்குப் பிறகுதான். சந்தாவை விடாமல் கட்டுவது, அடக்கம் பற்றிய விருப்பத்தை உயிரோடிருக்கும்போதே மனைவி பிள்ளைகள் முன் எழுதி வைப்பது, அடக்கத்துக்கான இடத்தைப் பிரதேச சபையில் முன்கூட்டியே விசாரிப்பது என்ற மூன்றையும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே சேர்த்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தந்த இரண்டு பக்க வரலாற்றையும் மறக்கவில்லை. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மறு வருடமே இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. காரைதீவில் பிறந்த விபுலானந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்ததும் அவர் முயற்சியால்தான். எத்தனை பேர் மாறினார்கள் என்று அறிக்கை கேட்கும் வெளிநாட்டுத் தலைமையகங்களுக்கு இந்த இரண்டு பக்கங்களை இணைத்தே அனுப்பப் போகிறோம்.

உதவிய ஒவ்வொருவருக்கும் பிரதிகள் அனுப்பப்படும். பிழை கண்டால் பக்க ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். பெரும்போக அறுவடை முடிந்ததும் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்,
மட்டக்களப்பு