மேய்ச்சல் நிலத்துக் கதவில் ஒரு வினைச்சொல்

அன்புள்ள மகளுக்கு,

வேல்ஸ் மலைப்பாதையில் மேய்ச்சல் நிலத்துக் கதவில், நாய்கள் ஆடுகளை 'வொர்ரி' பண்ணக் கூடாது என்று தொங்கிய பலகையைப் படமெடுத்து அனுப்பி, "நாய் எப்படிம்மா ஆட்டை வொர்ரி பண்ணும்?" என்று கேட்டிருந்தாய். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவளுக்கு இதைத் தொலைபேசியில் இரண்டு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

அந்தப் பலகையில் இருப்பதுதான் 'வொர்ரி'யின் பழைய முகம். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கழுத்தை நெரித்தல் என்று பொருள்; அதன் உறவுச் சொல்லான 'வூர்கன்' ஜெர்மனில் இன்றும் அப்படியே இருக்கிறது. பிறகு ஓநாயோ நாயோ ஆட்டின் குரல்வளையைக் கவ்வி உலுக்குவதைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் மனிதரைத் தொல்லைப்படுத்துவதற்கும், பின்னர் மனத்தை வருத்துவதற்கும் வந்தது. யாரும் எதுவும் செய்யாமலே ஒருவர் தாமாகக் கவலைப்படுவதைச் சொல்லும் வழக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. கால்நடைகளைக் காக்க பிரிட்டனில் 1953ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் பழைய பொருளையே எடுத்துக்கொண்டு அதைச் சற்று விரிக்கிறது. நாய் கடிக்க வேண்டும் என்பதில்லை, காயமோ கருச்சிதைவோ நேரக்கூடிய விதத்தில் துரத்தினாலே அது 'வொர்ரி'தான். சினையாடு மிரண்டு ஓடினால் குட்டி கலைந்துவிடக்கூடும் என்பது ஆடு வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரியும்.

மனப்பதற்றத்தைக் குறிக்கும் 'ஆங்சைட்டி' என்ற சொல்லும் இறுக்குதல், நெரித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்தே பிறந்தது. துயரம் மிகும்போது நமக்கும் தொண்டையைத்தானே அடைக்கிறது!

"ஐ ஆம் வொர்ரீட்" என்று எழுதுங்கள் என எத்தனையோ வகுப்புகளில் திருத்தியிருக்கிறேன். ஏன் அந்த வடிவம் என்று ஒரு நாளும் விளக்கியதில்லை, அது இப்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கவ்வப்பட்டவர் என்ற செயப்பாட்டுப் பொருள் அதற்குள் இன்னும் இருக்கிறது. நம் 'கவலைப்படு' என்பதில் உள்ள 'படு'வும் அதையே சொல்கிறது: அடிபடுகிறோம், பிடிபடுகிறோம், அதுபோலவே கவலையும் படுகிறோம். இரண்டு மொழிகளிலும் கவலை வெளியிலிருந்து வந்து பிடிப்பதாகத்தான் இலக்கணம் வைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே "டோன்ட் வொர்ரி அம்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாயா, தொண்டை வலி குறைந்ததா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா