ரவிக்கு, உன் படகு விஷயமாக

மயாமி

அன்புள்ள ரவி,

சிம்கோ ஏரிக்கென்று படகே வாங்கிவிட்டாயா! வசந்தி எப்படிச் சம்மதித்தாள்? இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது என் நரைமுடியை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

வேகமெடுக்கும்போது படகின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, முன்னால் எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். காசு செலவழிக்கும் முன், புறப்படும்போது இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் படகை நோக்கி முழுக்க உள்ளே சாய்த்து வைத்துப் பார். பின்னால் அடைத்திருக்கும் ஐஸ் பெட்டியையும் ஆட்களையும் முன்னால் நகர்த்து. அப்படியும் அடங்காவிட்டால் டிரிம் டேப் போட்டுவிடு.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. பின்பலகையின் அடிவிளிம்பில், இன்ஜினுக்கு இரு பக்கமும் கீல் வைத்த இரண்டு ஸ்டீல் தகடுகள். தகட்டை இறக்கினால் ஓடும் தண்ணீர் அதை மேலே தள்ளும். பின்பக்கம் எழும், மூக்கு படியும். அளவில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. படகின் நீளம் அடிக்கு ஓர் அங்குலம் என்று ஒவ்வொரு தகட்டின் அகலத்தையும் கணக்கிடுவார்கள். உன்னுடையது 22 அடி. இடமிருந்தால் 24 அங்குலமே போடு. ஹைட்ராலிக்கும் உண்டு, மின்சாரத்தில் இயங்குவதும் உண்டு. எண்ணெய், குழாய் என்ற தொல்லை இல்லாததால் என் ஓட்டு மின்சாரத்துக்கு.

டிரெய்லரில் நிற்கும்போதே வேலையை முடி. திருகுக்குத் துளை போடும்போது டிரில்லை முதலில் ரிவர்ஸில் சுற்றவிட்டு மேல்பூச்சைச் சுரண்டிக்கொள். நேராக இறக்கினால் சில்லு பெயர்ந்துவிடும். அப்புறம், வெளியே வரும் தூளைக் கவனி. பழைய படகில் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான். தூள் உலர்ந்து வெளிறியிருந்தால் சரி. கறுத்து ஈரமாக வந்தால் அங்கேயே நிறுத்து. பலகை உளுத்திருக்கிறது, முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருகுக்கும் தண்ணீருக்கு அடியில் தாங்கும் சீலன்ட் தாராளமாக வை.

ஓட்டும்போது ஒன்று உன்னைக் குழப்பும். வழக்கமான வயரிங்கில் இடது சுவிட்சில் மூக்கை இறக்கும் பக்கத்தை அழுத்தினால், இறங்குவது வலது தகடு. வலப் பின்பக்கம் தூக்க, இடது மூக்கு தாழும். தகட்டை மறந்துவிடு, எந்தப் பக்க மூக்கு தாழ வேண்டுமோ அந்தச் சுவிட்சை அழுத்து. பக்கக்காற்றில் படகு காற்றடிக்கும் பக்கமே சாயும். அதையும் இதை வைத்தே நிமிர்த்தலாம். தட்டிவிட்டு, படகு அசைந்து முடிக்கும் வரை பொறு. பதற்றத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

பிஸ்கேன் விரிகுடாவில் மதியக் காற்று எழுந்து எதிரலை அடிக்கும்போது நான் மூக்கை நன்றாக இறக்கிக்கொள்வேன். கூரான முன்பகுதி அலையைக் கிழித்துப் போகும், இடுப்பு பிழைக்கும். ஆனால் அலை பின்னாலிருந்து துரத்தினால் இரண்டு தகடுகளையும் முழுக்கத் தூக்கிவிடு. மூக்கு தாழ்ந்திருந்தால் முன்னலையில் குத்தி, படகு குறுக்கே திரும்பிவிடும். இதில் விளையாடாதே. ரிவர்ஸ் எடுக்கும் முன்பும் தூக்கிவிடு, தகடு வளைந்துவிடும்.

பின்பலகையை நேர்பின்னாலிருந்து போட்டோ எடுத்து அனுப்பு, அளவு நாடாவையும் பக்கத்தில் பிடித்து. ஏணியும் சென்சாரும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால்தான் 24 கொள்ளுமா என்று சொல்ல முடியும். வசந்தியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்