முகம் படிக்கும் கணினியும் 98 சதவீதமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு ஆய்வு என்றால் இப்போது இரண்டு விஷயங்கள் ஜோடியாக வருகின்றன. ஒன்று, முகத்தையோ குரலையோ வைத்து உணர்வை அறிவது. மற்றொன்று, அதற்கு ஓநாய், திமிங்கிலம், பறவைக் கூட்டம் என்று ஏதோ ஒரு பெயரில் ஓர் உகப்பாக்க வழிமுறை, அதாவது பல தேர்வுகளில் சிறந்ததைத் தேடும் வழி. கூடவே '98 சதவீதத் துல்லியம்'. அதை அச்சில் ஏற்றும் முன் உங்கள் நிருபர்கள் சில கேள்விகள் கேட்கலாம்.

சோதனைப் படங்களில் இருப்பவர்கள், நிரல் பயிற்சி பெற்ற படங்களிலும் இருந்தார்களா? மாணவர்கள் எளிதில் எடுத்துக்கொள்ளும் ஜாஃபே என்ற முகபாவப் படத் தொகுப்பில் படங்கள் 213; ஆட்களோ 10 ஜப்பானியப் பெண்கள் மட்டுமே. ஒரே பெண் ஒரே பாவனையில் மூன்று நான்கு படங்களில் வருவார். எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு போலக் குலுக்கி 80க்கு 20 என்று பிரித்தால், ஒரு படம் பயிற்சிக்கும் அதன் அச்சு அசலான இன்னொன்று சோதனைக்கும் போய்விடும். ஒன்பது பேரை வைத்துப் பயிற்சி, பத்தாமவரை வைத்துச் சோதனை, இப்படி ஆளை மாற்றிப் பத்து முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். துல்லிய எண் நன்றாகவே இறங்கும். வெளியே சொல்ல வேண்டியது அந்த எண்ணைத்தான்.

ஓநாய் விவகாரம் இன்னும் நுட்பமானது. மிர்ஜலிலியும் உடனாளர்களும் 2014இல் வெளியிட்ட சாம்பல் ஓநாய் வழிமுறையை இந்த வேலைக்கு மாற்றும்போது, ஒவ்வோர் 'ஓநாயும்' படத்திலிருந்து எடுத்த அளவீடுகளில் (அம்சங்களில்) எவற்றை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று சொல்லும் 0, 1 வரிசை. சிறந்த மூன்றின் பக்கம் மற்றவை நகரும். ஓர் எண் 2இலிருந்து 0க்குக் குறையக் குறையத் தேடும் வட்டம் சுருங்கும். 30 ஓநாய், 100 சுற்று என்றால் 3,000 முயற்சி. ஒவ்வொரு முயற்சிக்கும் மதிப்பெண் போட்டது எந்தப் படங்களை வைத்து? சோதனைப் படங்களை வைத்து என்றால், ஒரே வினாத்தாளை 3,000 தடவை எழுதி நல்ல மார்க்கை மட்டும் காட்டியது போலத்தான். அம்சத் தேர்வு, அளவு சீராக்கல், குறைவான வகைக்குச் செயற்கை மாதிரி சேர்த்தல் எல்லாமே பிரித்த பிறகு, பயிற்சிப் பகுதிக்குள் மட்டும் நடக்க வேண்டும். சோதனைப் பகுதியைக் கடைசியில் ஒரே ஒரு முறை திறக்கலாம். அதே 3,000 முயற்சியைக் கண்ணை மூடிக்கொண்ட குருட்டுத் தேர்வுக்கும் கொடுத்து, குலுக்கலைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை மாற்றி இரண்டையும் 30 முறை ஓட்டி, சராசரியையும் விலகலையும் ஒப்பிட்டால்தான் ஓநாய்க்கு என்ன வேலை என்று தெரியும். (எல்லாப் பிரச்சினைகளுக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்தத் தேடல் வழிமுறையும் இன்னொன்றை விஞ்சாது என்று 1997லேயே வோல்பெர்ட், மெக்ரெடி நிறுவிவிட்டார்கள். விலங்குப் பட்டியல் அதற்குப் பிறகும் நீண்டுகொண்டே போகிறது.)

மொத்தச் சதவீதமும் ஏமாற்றும். எஃப்இஆர்-2013 என்ற இன்னொரு முகபாவத் தொகுப்பின் 35,887 படங்களில் அருவருப்புக்கு இருப்பவை 547. 'அருவருப்பு' என்று ஒருமுறைகூடச் சொல்லாத நிரல் இழப்பது 1.5 சதவீதம்தான். ஒவ்வோர் உணர்வுக்கும் தனித்தனி மதிப்பெண் கேளுங்கள்.

குரலுக்கு வந்தால், ராவ்டெஸ் என்ற குரல் பதிவுத் தொகுப்பில் 24 நடிகர்கள் பேசுவது இரண்டே ஆங்கில வாக்கியங்கள், 48,000 ஹெர்ட்ஸ் தரத்தில் (நொடிக்கு அத்தனை ஒலி மாதிரிகள்). வழக்கமான தொலைபேசி இணைப்பில் 8,000தான் கிடைக்கும். போதாததற்கு நம் பக்கத்தில் கோபத்திலும் 'ஏனுங்க, இப்படிப் பண்றீங்களே' என்று 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். சொல்லை நம்பும் நிரல் அதை மரியாதை என்றே எழுதிக்கொள்ளும்.

இந்தக் கருவியை நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் தொழிலாளர்களைக் கவனிக்க மாட்டலாம் என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பஞ்சுத் தூசிக்குக் கவசம் கட்டிய முகத்தில் வாய் தெரியாது. மகிழ்ச்சியைக் கண்டறிய இந்த நிரல்கள் பெரிதும் நம்புவது வாயைத்தான். உயரத்தில் மாட்டிய கேமராவுக்குக் குனிந்து வேலை செய்பவர் எல்லோரும் சோகமாகத் தெரியலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்வறியும் கருவிகளைத் தடை செய்துவிட்டது. திருப்பூர்ச் சரக்கு வாங்குபவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள்.

இப்படிக்கு,
கணினித் துறை ஆசிரியர்கள் சிலர்,
பெருந்துறை