நாயை விரட்டினால் மணல் சுத்தமாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் திரியும் கட்டாக்காலி நாய்களால் காலில் பூச்சி ஏறுகிறது, அவற்றையெல்லாம் பிடித்து அகற்ற வேண்டும், பூச்சி மற்றவர்களுக்கும் தொற்றாமல் பிள்ளையைத் தனிப்பாயில் படுக்க வைத்து உடுப்பையும் அவிக்க வேண்டும் என்று போன வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நோய் உண்மைதான். பாமசி நடத்துகிறவன் என்பதால் ஒவ்வொரு சீசனிலும் அந்தக் கால்கள் என் கடைக்கு வருகின்றன. ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்று அவர் எழுதியதில் பாதிதான் சரி. மற்றப் பாதியை நம்பித்தான் அவர் சொல்லும் தீர்வு நிற்கிறது.

முதலில் அந்தக் காலைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளங்காலின் ஓரத்திலோ விரல் இடுக்கிலோ சிவந்து தடித்த ஒரு கோடு, அவிழ்ந்து விழுந்த நூல்போல வளைந்து வளைந்து போகும். இன்றைக்கு அதன் முனையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் நாளைக்குக் கோடு புள்ளியைத் தாண்டியிருக்கும். இரவில் கடி தாங்க முடியாது. படை என்று நினைத்து, படைக்குப் பூசும் கிறீமை வாங்கிப் பூசுகிறார்கள். ஒன்றும் நடக்காது. வேறொரு கடையில் கொடுத்த ஸ்டீரொய்ட் கிறீமைப் பூசிக்கொண்டு ஒரு பையன் வந்தான். கடி கொஞ்சம் அடங்கியிருந்தது, கோடு மட்டும் தன் பாட்டில் நீண்டுகொண்டிருந்தது.

இது நாயின் கொழுக்கிப்புழு. நாயும் பூனையும்தான் அதற்கு விருந்து வழங்கிகள், அதாவது அது குடியிருந்து வளரும் உயிர்கள். அவற்றின் குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடித்து, அங்கேயே முட்டையிடும். முட்டை மலத்தோடு மணலுக்கு வரும். சூடு, ஈரம், நிழல் மூன்றும் வாய்த்தால் பொரித்து, ஒரு வாரமளவில் தோலைத் துளைக்கக்கூடிய குடம்பியாகிவிடும், அதுதான் இளம் புழு. கண்ணுக்குத் தெரியாது. நாயின் கால் பட்டால் அதற்கு அதிர்ஷ்டம். நம் கால் பட்டால் தோலின் மேற்படைக்குள் நுழையும், ஆனால் அதற்குக் கீழே இறங்க அதனால் முடியாது. வழி தெரியாமல் அங்கேயே அலைந்து, பெரும்பாலும் சில வாரங்களில் செத்துப்போகும். தோலுக்குள் அது முட்டையிடுவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆகவே வாசகர் எழுதியபடி பிள்ளையைத் தனிப்பாயில் படுக்க வைக்கத் தேவையில்லை, உடுப்பை அவிக்கவும் தேவையில்லை. சொறிந்து புண்ணாக்காமல் டொக்டரிடம் காட்டினால், அவர் எழுதும் அல்பென்டசோலோ ஐவர்மெக்டினோ காரியத்தை முடித்துவிடும்.

பாயும் உடுப்பும் முக்கியமாவது கீரிப்பூச்சிக்கு. அதற்கும் நாய்க்கும் சம்பந்தமே கிடையாது, அது மனிதக் குடலில் மட்டும் வாழும் ஒரு சின்னப் புழு. இரவில் பெண் பூச்சி வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும், பிள்ளை சொறியும், முட்டை நகத்தில் ஏறும், நகத்திலிருந்து வாய்க்கும் பாய்க்கும் பக்கத்தில் படுக்கும் தங்கச்சிக்கும் போகும். “சின்னவனுக்கு மட்டும் ஒரு பூச்சிக் குளிசை தாங்கோ தம்பி” என்று தாய்மார் கேட்கும்போதெல்லாம் நான் வாதாட வேண்டியிருக்கிறது. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் எடுத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரமும் எடுக்காவிட்டால் அது திரும்பி வரும்.

மருந்து மட்டும் போதாது என்பதை இந்த நாடு எப்போதோ பார்த்துவிட்டது. 1916 இல் ரொக்பெல்லர் அறக்கட்டளை மலையகத் தோட்டங்களில் மனிதக் குடலில் வாழும் இன்னொரு வகைக் கொழுக்கிப்புழுவுக்கு எதிராக வேலை தொடங்கியது. தொழிலாளருக்கு மருந்து கிடைத்தது. மலசலகூடம் கட்டச் செலவழிக்கத் தோட்டத்துரைமார் பின்னடித்தார்கள். மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து மறுபடியும் புழுவை வாங்கிக்கொண்டார்கள்.

மலேரியா இதற்கு மறுபக்கம். 1934–35 இல் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொண்டுபோன நோய் அது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் 2016 செப்டெம்பரில். அதைக் காவும் நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. நோயாளிகளைத் தேடிப் பிடித்து இரத்தம் சோதித்து மருந்து கொடுத்ததால், நுளம்பு குடிக்கும் இரத்தத்தில் ஒட்டுண்ணி இல்லாமல் போயிற்று. நாய் விஷயத்திலும் நான் கேட்பது அதைத்தான்: நாய் இருக்கட்டும், அதன் குடலுக்குள் புழு இருக்க வேண்டாம்.

பிடித்து அகற்றினாலும், ஹோட்டல் மிச்சச்சோறு இருக்கும்வரை புது நாய்கள் அந்த இடத்துக்கு வரும். அப்புறம் குட்டிகள். தாயின் பாலோடே அவற்றுக்குப் புழு போய்விடும், இரத்தமில்லாமல் ஈறு வெளுத்துச் சாகும் குட்டிகள் பல இதனால்தான் சாகின்றன. விசர்நாய்த் தடுப்பூசி போட வருகிறவர்கள் அதே கையோடு பூச்சிக் குளிசையும் கொடுத்தால் என்ன? நாயைப் பிடிப்பதுதான் கஷ்டமான வேலை, அது ஏற்கனவே நடக்கிறது. ஒரு தடவை கொடுத்தால் போதாது, சில மாதங்களுக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். இடையில் வரும் தவணைகளை, நாய்களுக்குச் சோறு வைக்கும் ஹோட்டல்காரர்கள் மிருக வைத்தியரிடம் அளவு கேட்டுச் சோற்றோடே வைக்கலாம்.

கடற்கரையைக் கூட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் நாய் மலத்தையும் சருகையும் சேர்த்து வாரி, மர நிழலில் ஒரு குழி தோண்டி மணலுக்குள் தள்ளி மூடிவிடுகிறார்கள். குடம்பிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பையில் அள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அலை வந்து கழுவிப் போகும் ஈர மணலில் பிள்ளைகள் விளையாடினால் பயம் குறைவு. கரையேற்றிய வள்ளங்களின் நிழலிலும், இராவணன் மீசைப் புல் வளரும் மேட்டிலும் செருப்போடு நடப்பது நல்லது. கோணேசர் கோயிலுக்கும் செருப்போடு போவதா என்று ஒருவர் கடையில் கேட்டார். வெயிலில் கொதிக்கும் கல்லில் எந்தக் குடம்பியும் உயிரோடு இருக்காது, தைரியமாக வெறுங்காலோடு ஏறலாம்.

அடுத்த தடுப்பூசி முகாமை நடத்துகிறவர்கள் சம்மதித்தால், உப்புவெளி நாய்களுக்கான முதல் தவணைக் குளிசைகளை எனக்கு வரும் விலைக்கே தருகிறேன். உள்ளூராட்சி சபையில் யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்தவர்கள் உங்கள் பத்திரிகை வழியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பாமசி நடத்தும் ஒரு வாசகர்,
திருகோணமலை.